வாள் இருந்த அலுமாரி

"ஆரை வெட்டப் போறியள்?" என்று என் மனைவி கேட்டாள்.

"ஒருத்தரையும் இல்லை."

"பேந்தென்னத்துக்கு வாள்?"

"முன்னால ஒருத்தர் நிக்கிறார் எண்டு நினைச்சுக்கொண்டு வீசிறது. உண்மையில ஒருத்தரும் நிக்கமாட்டினம்."

அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கழுவினாள், துடைத்தாள், மேசை லாச்சிக்குள் துவாயின் கீழே வைத்து மூடினாள். அதன்பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "காத்தை வெட்டவோ பஸ் ஏறிப் போறியள்?"

கேட்டுப் பார்த்தால் நியாயமான கேள்விதான். ஐம்பது வயது தாண்டிய மனிசன், ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு திரிகிற வேலை, முதுகு வலி, மகள் ஒட்டாவாவில் படிக்கிறாள். இந்த நேரத்தில் ஜப்பான்காரருடைய வாள் பழக வேண்டும் என்று நான் வந்து நின்றால் எந்த மனைவிதான் மாலை போட்டு அனுப்புவாள்?

நான் அந்த இடத்தைக் கண்டது தற்செயலாகத்தான். கியூபெக்கில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் தரிப்பிடம் தள்ளி ஒரு சமூக நிலையம். வேலை முடிந்து போகும்போது நிலக்கீழ் ஜன்னலால் பார்த்தேன். கறுப்புப் பாவாடை மாதிரி ஒன்று உடுத்த பத்துப் பன்னிரண்டு பேர் முழங்காலில் வரிசையாக இருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. ஒருவர் மெதுவாக வாளை உருவினார், வெட்டினார், திருப்பி உறையில் போட்டார். சத்தமே இல்லை. ஆஸ்பத்திரியில் எந்த நேரமும் ஏதாவது மணி அடிக்கும், யாராவது கத்துவார்கள், அவர்களோடு சேர்ந்து நானும் கத்துவேன். எனக்குப் பொசுக்கென்று கோபம் வரும், அதை மறைப்பானேன். அந்த ஜன்னலுக்கு வெளியே பனியில் நின்றுகொண்டு, ஒருத்தரும் கத்தாத இடம் ஒன்று இந்த ஊரில் இருக்கிறதே என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டேன்.

சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, கத்தாமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று. எங்கள் ஆசிரியை அறுபது வயதைத் தாண்டிய ஜப்பானியப் பெண். உயரம் என் தோள் மட்டும்தான் வரும். பிரெஞ்சில்தான் கற்பிப்பார், அதுவும் அதிகம் பேசமாட்டார். நான் உருவுகிற ஒவ்வொரு முறையும் பக்கத்தில் வந்து நின்று ஒரே வசனத்தைச் சொல்வார்: "பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி இழுக்கிறீர்கள்." முதல் வருஷம் முழுவதும் இதுதான். எனக்கு உள்ளுக்குள் கொதிக்கும். அம்மா, நான் பஸ்ஸைப் பிடித்துத்தானே இங்கே வருகிறேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வரும்.

குழுவில் தமிழன் நான் ஒருவன்தான். ஜப்பானியர் ஆசிரியை ஒருவர்தான். மற்றவர்கள் எல்லோரும் கியூபெக்காரர். அவர்களில் பெரிய பகிடிக்காரர் ஓய்வு பெற்ற பஸ் சாரதி ஒருவர். ஒருநாள் நான் வேலை உடுப்போடு நேராக வந்து நின்றபோது புதிதாகச் சேர்ந்த இளைஞன் ஒருவன் என்னைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, ஒரு குழந்தையோடு பேசுவது போல, "மண்டபம் துடைக்க வந்தீர்களா?" என்று கேட்டான். எனக்கு ஏறியது பாருங்கள்! வாயைத் திறக்க முதல் பஸ் சாரதி ஒரு ஈரத்துணியைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தார். "ஆமாம், நீயும்தான்," என்றார். எங்கள் வழக்கம் அது. வகுப்பு தொடங்க முதல் எல்லோரும், ஆசிரியை உட்பட, துணியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு குனிந்து ஓடி நிலத்தைத் துடைக்க வேண்டும். நானும் அவனும் பக்கத்துப் பக்கத்தில் துடைத்தோம். அவனுக்கு மூச்சு வாங்கியது, எனக்கு வாங்கவில்லை. கட்டில் தள்ளுகிற உடம்பு சும்மாவா?

துடைத்த பிறகு வாளை முன்னால் வைத்து, நெற்றி நிலத்தில் படக் குனிந்து வணங்குவோம். மற்றவர்களுக்கு இதுதான் கூச்சமான பகுதி. ஒரு சாமானைக் கும்பிடுவதா என்று தொடக்கத்தில் நெளிவார்கள். எனக்கு அதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. முதல் நாளே குனிந்து எழும்பும்போது பழக்கதோஷத்தில் விரலால் உறையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஆசிரியை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் ஒன்றில் மட்டும் மன்னிப்பே கிடையாது. வாளின் அலகில் விரல் படக்கூடாது. ஒரு தடவை யாரோ ஒருவர் அலகைத் தடவிப் பார்த்துவிட்டார். ஆசிரியை அவரைச் சுவரோரம் உட்கார வைத்தார், வகுப்பு முடியும்வரை எழும்ப விடவில்லை. கையின் வியர்வையும் அழுக்கும் அலகைக் கெடுக்கும் என்பது ஒரு காரணம். மற்றது, அது மரியாதை.

என் வாள் கூர் இல்லாதது, பழகுவதற்கென்று செய்தது. ஆனாலும் அது வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது என்று என் மனைவி சொல்லிவிட்டாள். சண்டை பிடித்துச் சொல்லவில்லை. சண்டை பிடித்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்குத் தெரிந்த வழி அது. அவள் மெல்லமாகத்தான் சொன்னாள். "நீங்கள் போங்கோ, பழகுங்கோ. ஆனா அந்தச் சாமான் எனக்கு முன்னால வேண்டாம். ஏனெண்டு உங்களுக்குத் தெரியும்."

தெரியும். அவள் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு சுற்றிவளைப்பில் ஆமி வீட்டுக்குள் வந்திருக்கிறது. வேலிக்குக் கதியால் தடி வெட்டிய கொடுவாக்கத்தி முற்றத்தில் கிடந்தது. இது எதற்கு என்று அவள் தம்பியைக் கேட்டார்கள். பையனுக்குப் பயத்தில் வாய் திறக்கவில்லை. ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் திரும்பி வந்தான், நல்லகாலம். என்ன நடந்தது என்று அவனும் சொல்லவில்லை, வீட்டில் ஒருவரும் கேட்கவுமில்லை. தாய் அந்தக் கத்தியைக் கிணற்றுக்குள் போட்டாராம். அன்றிலிருந்து என் மனைவி இருக்கிற வீட்டில் எந்தக் கத்தியும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருந்ததில்லை. மரக்கறி வெட்டுகிற சின்னக் கத்திகூட வேலை முடிந்ததும் துவாயின் கீழே போய்விடும்.

ஆகவே வாள் சமூக நிலையத்து அலுமாரியிலேயே இருந்தது, நான் கை வீசிக்கொண்டு போய் வந்தேன். இப்படியே காலம் ஓடியிருக்கும். ஒரு மாரியில் நிலையத்தில் சின்னப்பிள்ளைகளைப் பார்க்கிற கார்டெரி ஒன்று திறந்தார்கள். பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் வைக்க எங்கள் அலுமாரி வேண்டுமாம். அவரவர் வாளை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார் ஆசிரியை. எல்லோரும் சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் மட்டும் பஸ் தரிப்பிடத்தில் நீட்டுப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன்.

காருக்குள் வைக்கலாமென்றால் கார் இல்லை. நிலவறையில் வைத்தால் ஈரம். வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"இஞ்சை பாரும், நான் இந்த வாளை விடப்போறன். ஆருக்கும் குடுத்திட்டு வாறன்."

நான் உண்மையாகத்தான் சொன்னேன். அவளுக்காக விடுகிறேன் என்று பெரிய மனிதத்தனமாகச் சொன்னேன். சனிக்கிழமை இல்லாத ஒரு கிழமையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"அதுக்குப் போனாப் பிறகு நீங்கள் என்னட்டைக் கத்திறது குறைஞ்சு போச்சு," என்றாள். "வாசல் அலுமாரிக்குள்ள வையுங்கோ. நான் பாக்கமாட்டன்."

வாசல் அலுமாரி கோட்டுகள் கொளுவுகிற இடம். அன்று பின்னேரம் அவள் தன்னுடைய குளிர்கோட்டை அதிலிருந்து எடுத்துக் குசினிக் கதிரையின் முதுகில் போட்டாள். அந்த மாரி முழுவதும் அது அங்கேதான் கிடந்தது. கோட்டில் சாம்பார் வாசம் பிடிக்கும் என்று நான் சொன்னால், பிடிக்கட்டும் என்பாள். விருந்தாட்கள் வந்தால் அந்தக் கதிரையில் இருக்க இடமில்லை. அலுமாரிக் கதவை அவள் கை தொட்டதே இல்லை. கோடையில் கோட் சூட்கேஸுக்குள் போனபோது, இனிச் சரிவரும் என்று நினைத்தேன். இலை நிறம் மாறிக் குளிர் தொட்டதும் கோட் மறுபடி கதிரைக்கே வந்தது. ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்க எனக்கு வெட்கமாக இருக்கும். நான் வெட்டுகிற காற்றுக்கு அவள் ஏன் விலை கொடுக்க வேண்டும்? இந்தப் பனிக்காலத்தோடு விட்டுவிடுவது என்று மனதுக்குள் முடிவெடுத்திருந்தேன்.

அந்த நவராத்திரிக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தம்பி லவாலில் இருந்து வந்தான். அதே தம்பிதான். இப்போது பாண் ஏற்றுகிற லொறி ஓட்டுகிறான், தலை பாதி நரைத்துவிட்டது. நானும் மனைவியும் குசினியில் கடலை தாளித்துக்கொண்டு நின்றோம். அவன் ஜாக்கெட்டைக் கொளுவ அலுமாரியைத் திறந்தான்.

"அத்தான், இதென்ன நீட்டுப் பை?"

என் மனைவியின் கை அகப்பையோடு அப்படியே நின்றது. நான் ஏதாவது சமாளித்திருக்கலாம். வாயில் வந்தது உண்மைதான். "வாள்."

"தம்பி, அதை விடு," என்றாள் அவள்.

அவன் அதற்குள் பையோடு குசினிக்கு வந்துவிட்டான். "காட்டுங்கோ அத்தான், எப்பிடி உருவிறது?"

மெதுவாக உருவிக் காட்டினேன். அவன் சடாரென்று அலகில் பெருவிரலை வைத்தான். "டேய், கை வைக்காதை!" என்று நான் கத்த, அவன் விரலைப் பார்த்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினான்.

"இது வெட்டாதே அத்தான்! அக்கா, இஞ்சை வந்து பாருங்கோ. உங்கடை மரக்கறிக் கத்தி இதைவிட மோசமான சாமான்."

அவள் வரவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் சிரிப்பை நிறுத்தி, கதிரையில் கிடந்த கோட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தான். வாளைத் திரும்பவும் பார்த்தான்.

"கொடுவாக்கத்தியைக் கிணத்துக்குள்ள போட்டனீங்கள். பேந்து வேலி அடைக்க நான் பக்கத்து வீட்டிலை இரவல் வாங்கினது தெரியுமே?"

"நீ அண்டைக்கு நடந்ததைப் பற்றி ஒருநாளும் கதைச்சதில்லை," என்றாள் அவள், திரும்பாமலே.

"நீங்கள் ஒருத்தரும் கேட்டதில்லையே அக்கா."

கடலை அடிப்பிடித்த மணம் வந்தது. ஒருவரும் அடுப்பை நிறுத்தவில்லை, பிறகு நான்தான் போய் நிறுத்தினேன். வாளைப் பையில் போட்டு அலுமாரியில் வைத்தேன். அக்காவும் தம்பியும் குசினியில் இருந்து மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. போகிற நேரம் அவன் அடிப்பிடித்த கடலையையும் ஒரு டப்பாவில் போட்டு வாங்கிக்கொண்டு போனான்.

வெள்ளிக்கிழமை ஆயுத பூசை. எனக்கு இரவு வேலை. அவள் தனியாகவே சாமிப் படத்தின் முன் வெள்ளைத்துணி விரித்து, மகளின் பழைய புத்தகங்கள், தன் தையல் மெஷின், கணினி எல்லாம் அடுக்குவாள் என்று தெரியும். காலையில் வந்து கதவைத் திறந்தேன். ஊதுபத்தி வாசம். துணியின் நடுவில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில், என் வாள் உறையோடு கிடந்தது. பிடியிலும் உறையிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். தேசிக்காய்கூட வைத்திருந்தாள்.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். நான் என்ன செய்ய, பிறவி அப்படி. பிடியில் சுற்றியிருக்கிற நாடாவுக்குள் சந்தனம் போனால் கை வழுக்கும், கழுவவும் முடியாது. வாயைத் திறந்தேன். அவள் ஈரத்தலையோடு வாசலில் நின்றாள். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"எடுங்கோ," என்றாள். "விஜயதசமியிலை எடுத்துத் தொழில் தொடங்கவேணும். இண்டைக்குச் சனிக்கிழமைதானே. வகுப்புக்குப் போட்டு வாங்கோ."

"நித்திரை இல்லாமல் வந்திருக்கிறன்."

"பரவாயில்லை. போட்டு வாங்கோ."

போனேன். நிலம் துடைத்தோம், வணங்கினோம். பிடியில் இருந்த சந்தனத்தை ஆசிரியை பார்த்தார். வரிசையாக முழங்காலில் இருந்தோம். எல்லா வாளும் ஒன்றாக வெளியே வந்தன, என்னுடையது வரவில்லை. உறைக்குள் ஒட்டிக்கொண்டுவிட்டது. இழுத்தேன், அசையவில்லை. எனக்குச் சுள்ளென்று ஏற, பஸ்ஸைப் பிடிக்கிற இழுவை இழுத்தேன். படாரென்று வந்தது. வந்த வேகத்தில் மஞ்சள் தூளும் சிவப்புத் தூளும் பறந்து, அப்போதுதான் துடைத்த நிலத்திலும், பக்கத்தில் இருந்த பஸ் சாரதியின் மடியிலும் கொட்டின. மண்டபம் முழுவதும் சந்தன வாசம்.

வாளைப் பார்த்தேன். அலகில் மூன்று பொட்டுகள். காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம், ஒன்று இழுபட்டுப் போயிருந்தது. ஆசிரியை வந்து நின்றார்.

"அலகில் கை வைத்தது யார்?"

"என் மனைவி," என்றேன்.

பஸ் சாரதி மடியைத் தட்டுவதை நிறுத்தினார். சுவரோரம் எனக்காகக் காத்திருந்தது. எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். எங்களுக்கு வருஷத்தில் ஒரு நாள், வேலை செய்கிற சாமான்களை வைத்துக் கும்பிடுவோம். இது அதற்கு வைக்கிற பொட்டு. அவளுக்குத் தெரியாது, நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளுக்குக் கத்தி என்றால் பயம், இந்த வாள் இருக்கிற அலுமாரியைக்கூட அவள் திறக்கமாட்டாள்.

"அப்படியென்றால் உருவியது யார்?" என்று ஆசிரியை கேட்டார்.

வீட்டில் அவளைத் தவிர வேறு யாரும் இருக்கவில்லை. அலுமாரியைத் திறந்து, பையை அவிழ்த்து, அந்தச் சாமானை அவள் தன் கையால் வெளியே இழுத்திருக்கிறாள். நான் அப்போதுதான் அதை விளங்கிக்கொண்டேன். அத்தனை பேருக்கும் முன்னால் என் கண்ணால் தண்ணீர் கொட்டியது. துடைக்கவும் முடியாது, இரண்டு கையிலும் வாள்.

ஆசிரியை என் முன்னால் முழங்காலில் இருந்தார். சட்டைக்குள்ளிருந்து துணியை எடுத்துக் கையில் விரித்து, வாளை அதில் வாங்கி வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார். அலகின் முதுகுப் பக்கத்தில் ஒரு பெருவிரல் அடையாளம் தெளிவாக இருந்தது.

"இங்கே விரலைக் கொடுத்துத் தாங்கியிருக்கிறார்," என்றார். "கை நடுங்கியிருக்கும். நடுங்க நடுங்க மெதுவாக உருவியிருக்கிறார். உறை வாயில் நீங்கள் போட்ட கீறல் எல்லாம் இருக்கிறது, அவர் புதிதாக ஒன்றும் போடவில்லை."

வாளுக்கு ஒரு முறை தலை குனிந்துவிட்டு என்னிடம் திருப்பித் தந்தார். "துடையுங்கள். இப்படியே விட்டால் அலகு கெட்டுப்போகும்."

சுவரோரம் அனுப்பவில்லை. எல்லோரும் காத்திருக்க, நான் பொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தேன். விரல் அடையாளத்தைக் கடைசிக்கு விட்டுவைத்திருந்தேன். அதைத் துடைக்க எனக்கு மனமே வரவில்லை, ஆனால் துடைக்கத்தானே வேண்டும். பஸ் சாரதி உறையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டித் தூளைக் கொட்டினார். "என் மடி இன்றைக்குக் கோயில்," என்றார். பிறகு ஈரத்துணிகளை எடுத்துக்கொண்டு எல்லோரும் மறுபடி நிலம் துடைத்தார்கள். அதன்பின் உருவினேன். ஆசிரியை பக்கத்தில் வந்து நின்றார், பஸ் என்ற சொல் அன்றைக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்து வாளை வைக்க அலுமாரியைத் திறந்தேன். அவளுடைய குளிர்கோட் அதற்குள் தொங்கியது. கதிரை வெறுமையாக இருந்தது. நான் அதில் போய் உட்கார்ந்தேன். அவள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"என்னவாம் உங்கடை ரீச்சர்?"

"அலகிலை கை வைக்கக் கூடாதாம். சந்தனம் உள்ளுக்குப் போய் ஒட்டிப் போச்சு."

கரண்டி நின்றது. "ஐயோ, எனக்குத் தெரியாதே. கத்திக்கு அலகிலைதானே பொட்டு வைக்கிறது. பழுதாப் போச்சோ?"

"இல்லை. துடைச்சாச்சு."

அவள் எனக்குக் கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றினாள்.

"சரி," என்றாள். "வாற வருஷம் உறையிலை மட்டும் வைக்கிறன்."